பாட்டுக்குப் பணம் கொடுத்தவர் யார்?

வானொலியிலே ஒரு பாட்டு ஒலிக்கிறது. கேட்பவர் அதற்குக் காசு எதுவும் கொடுப்பதில்லை. ஆனாற் பாடியவருக்கும் இசை அமைத்தவருக்கும் அறிவித்தவருக்கும் ஒலிபரப்பியை இயக்கியவருக்கும் கூலி கிடைத்திருக்கிறது. அந்தக் கூலி யாருடைய மடியிலிருந்து வந்தது? பள்ளிப் பிள்ளையும் கேட்கக்கூடிய கேள்விதான். ஆயினும் இதற்கு நேரான விடையைத் தேடப் புகுந்தால், பணத்தைப் பற்றியும் பண்டத்தைப் பற்றியும் மனித மனத்தைப் பற்றியும் பல செய்திகள் வெளிப்படுகின்றன.

அம்பாறைக் கரையோரத்து மாணவன் ஒருவன் இக்கேள்வியை எண்ணிப் பார்ப்பதாகக் கொள்ளலாம். கல்முனையிலிருந்து தெற்கே செல்லும் பெருந்தெரு சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று முஸ்லிம் ஊர்களையும் தமிழ் ஊர்களையும் ஒரே நூலிற் கோத்துக்கொண்டு, தம்பிலுவிலையும் திருக்கோவிலையும் கடந்து வினாயகபுரத்தை அடைகிறது. 1995இற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கப்பெற்று, மறு ஆண்டே முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இவ்வழியில் ஒலுவிலில் இருக்கிறது. வினாயகபுரத்தில் பஸ் ஏறி ஒலுவிலில் இறங்கும் அந்த மாணவன் பயில்வது பொருளியல். பாடநூல்களிற் கேள்வி என்றும் நிரம்பல் என்றும் அவன் படிப்பவை, அக்கரைப்பற்றுக் கடைத்தெருவிலே புடைவைக் கடையாகவும் நகைக் கடையாகவும் தவணைமுறை நிறுவனமாகவும் கண்முன் நிற்கின்றன. கையிலுள்ள தொலைபேசியில் அதே கடைத்தெரு இன்னும் நீண்டு செல்கிறது.

பாட்டுக் கேள்விக்கு விடை தேட இலங்கை வானொலியின் வரலாற்றைப் போல உதவக்கூடியது வேறொன்றில்லை. இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படையினருக்காக நிறுவப்பெற்ற ஆற்றல்மிக்க சிற்றலை ஒலிபரப்பி, போருக்குப் பின் இலங்கையின் கைக்கு வந்தது. ஆசியாவின் பெரும்பகுதியை எட்டும் அத்தகைய கருவி சிறிய நாடொன்றுக்கு எதற்கு? 1950ஆம் ஆண்டு செப்டெம்பர் 30ஆந் திகதி தொடங்கிய வர்த்தக ஒலிபரப்பு அதற்கு விடை கண்டது. கொழும்புத் திட்டத்தின்கீழ் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த கிளிபர்ட் டொட் என்பவர் அதை வழிநடத்தினார். போர் வீரருக்கு உற்சாகமூட்ட எழுந்த கருவி பற்பசையும் சவர்க்காரமும் விற்கத் தொடங்கியது.

நல்வாய்ப்பும் உடன் சேர்ந்தது. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர், திரைப்படப் பாட்டு மக்களின் இரசனையைக் கெடுக்கிறது என்று கருதினார். அகில இந்திய வானொலியில் அதற்கு இடமில்லாமற் போயிற்று. கேஸ்கருடைய இசைப்பற்று மெய்யானது, ஐயமில்லை. ஆனாற் கதவை அடைத்தவர், பக்கத்து வீட்டு வானொலி திறந்திருப்பதை மறந்துவிட்டார். இந்திய நேயர்கள் கொழும்பை நோக்கி ஊசியைத் திருப்பினர். அவ்வாண்டிலேயே தொடங்கிய 'பினாக்கா கீத்மாலா' என்ற இந்தி நிகழ்ச்சி ஒரு பற்பசையின் பெயரையே தன் பெயரிற் சுமந்திருந்தது. அமீன் சயானியின் குரல் மும்பையில் ஒலிப்பதிவாகி, நாடா கொழும்புக்கு வந்து, கொழும்பிலிருந்து மீண்டும் இந்திய வீடுகளுக்குச் சென்றது. தமிழ்ப் பகுதியிலே எஸ். பி. மயில்வாகனனின் குரலைத் தமிழ்நாட்டு மக்கள் தங்கள் ஊர்க்காரரின் குரல் போல விரும்பிக் கேட்டனர். 1957இல் விவித பாரதியைத் தொடங்கித் திரைப்பாட்டுக்கு இந்தியா மீண்டும் இடமளித்தது. பத்தாண்டு கழித்து, 1967 நவம்பரில், அங்கும் விளம்பரம் ஏறியது. இரசனையைப் பற்றித் தொடங்கிய வழக்கு வருமானத்தைப் பற்றிய தீர்ப்பிலே முடிந்தது.

இங்கே விற்கப்பட்டது யாது? பாட்டு என்று சொல்லத் தோன்றும். பாட்டுக்கு எந்த நேயரும் விலை கொடுக்கவில்லை. விலை கொடுத்தவர் பற்பசை உற்பத்தியாளர். அவர் வாங்கியது நேயரின் செவி. வானொலி நிலையம் பாட்டைத் தூண்டில் இரையாக இட்டுச் செவிகளைத் திரட்டி, அச்செவிகளை வணிகருக்கு மணிக்கணக்கில் விற்றது. நேயர் தம்மை வாடிக்கையாளர் என்று எண்ணியிருந்தார். கணக்கேட்டிலோ அவர் சரக்காக இருந்தார்.

உற்பத்தியாளர் மட்டும் அந்தப் பணத்தைத் தம் கையிலிருந்தா கொடுத்தார்? விளம்பரச் செலவும் சவர்க்காரத்தின் விலைக்குள்ளேதான் அடங்கியிருந்தது. வானொலிப் பெட்டி அரிதாயிருந்த காலத்திலே, திருக்கோவிற் கரையில் மீன் விற்றுவிட்டு வரும் பெண் ஒருத்தி ஒரு சவர்க்காரக் கட்டி வாங்கினாள் என்றால், அதன் விலையிலே ஒரு சிறு துளி பாட்டுக்குச் சென்றது. அவள் வீட்டிற் பெட்டி இல்லை. பெட்டி இருந்த வீட்டார் கேட்ட பாட்டுக்குப் பெட்டி இல்லாதவளும் பங்கு கொடுத்தாள். அவளிடம் யாரும் கேட்கவுமில்லை; பற்றுச்சீட்டு எழுதவுமில்லை.

இதற்கு மறுப்பு உண்டு. விளம்பரத்தாற் பண்டம் பெருமளவில் விற்பனையாகும். பெருமளவில் உற்பத்தி செய்யும்போது ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவு குறையும். ஆகவே விலை ஏறாமல் இறங்கவும் கூடும் என்று பொருளியல் நூல்கள் சொல்லுகின்றன. சில பண்டங்களின் வரலாற்றில் இது உண்மையாகவும் இருக்கிறது. ஒரே வகையான இரண்டு சவர்க்காரங்கள் ஒன்றையொன்று வெல்ல ஒரே குரலிற் கூவும்போது இது உண்மையாவதில்லை. அப்போது ஒருவரின் செலவை மற்றவரின் செலவு அழிக்கிறது. மிஞ்சுவது விலை மட்டுமே. ஒரு பக்கத் தீர்ப்பை எழுதிவிடாமல் இரு பக்கத்தையும் நிறுத்துப் பார்க்க மாணவன் முயல்கிறான். தேர்வுத் தாளில் இரண்டுக்கும் மதிப்பெண் உண்டு என்பதும் ஒரு காரணமாகலாம்.

கூவ முடியாதவரின் நிலை என்ன? மருதமுனைக் கைத்தறி நாடறிந்தது. சாரமும் சேலையும் அங்கே நெய்யப்பட்டு, கண்டவர் சொல்லக் கேட்டவர் வாங்கி, வாய்வழிப் புகழாலேயே பரவின. 1977இற் பொருளாதாரக் கதவுகள் திறந்தபோது வெளிநாட்டுத் துணி மலிவாக வந்து இறங்கியது. 1979இற் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாகினியும் வந்தபோது, வந்திறங்கிய பண்டத்துக்குக் குரலோடு உருவமும் கிடைத்தது. தறியிலே ஒரு நாள் முழுவதும் கால் மிதித்தவனுக்கு அரை நிமிடத் தொலைக்காட்சி நேரம் வாங்க வழியில்லை. நெசவு நலிந்ததற்கு விளம்பரம் ஒன்றே காரணம் என்பது மிகையாகும். நூல் விலையும் இறக்குமதியும் போரும் முன்னே நிற்கின்றன. எனினும், ஊடகத்தில் ஒலிக்காத பண்டம் இல்லாத பண்டமாகவே எண்ணப்படும் காலம் அன்று தொடங்கியது.

வானொலிக் காலத்துக்கும் இக்காலத்துக்கும் உள்ள வேற்றுமையை ஒரு கடிதத்தைக் கொண்டு விளக்கலாம். அன்று ஒலிபரப்பாளருக்கு நேயர் யாரென்று தெரியாது. விருப்பப் பாட்டுக் கேட்டு அஞ்சலட்டை வந்தாற்றான் ஊரும் பேரும் தெரியவரும். கடிதங்களை எண்ணித்தான் நிகழ்ச்சியின் பெறுமதியை வணிகருக்குக் காட்டினார்கள். அந்தக் கடிதத்தை நேயர் தாமே விரும்பி எழுதினார். தமக்கும் மனைவிக்கும் மைத்துனருக்குமாகப் பெயர்களை வரிசைப்படுத்தி, அவை வானொலியில் ஒலிக்கக் கேட்டு மகிழ்ந்தார். இன்றும் அக்கடிதம் எழுதப்படுகிறது, எழுதுவது தொலைபேசி. எந்தப் படத்தில் விரல் நின்றது, எத்தனை விநாடி நின்றது, எந்த ஊரில் நின்றது என்றெல்லாம் அது உரியவருக்குத் தெரியாமலே எழுதி அனுப்பிக்கொண்டிருக்கிறது. பேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனம் 2023இற் பெற்ற வருமானத்தில் 97 வீதத்துக்கு மேற்பட்டது விளம்பரத்திலிருந்து வந்தது. கூகிளின் தாய் நிறுவனத்துக்கு அதே ஆண்டில் ஏறத்தாழ 77 வீதம். கொழும்பு ஒலிபரப்பியின் பழைய வணிகந்தான். செவியோடு கண்ணும் விரலும் சேர்ந்துகொண்டன.

இன்னொரு வேற்றுமையும் உண்டு. அன்று விளம்பரம் காற்றிலே இலவசமாக வந்தது. இன்று அதைத் தன் தொலைபேசிக்குக் கொண்டுவர மாணவனே டேட்டாவுக்குக் காசு கொடுக்கிறான். கூவுகிறவன் தன் வாசலுக்கு வருவதற்கு வீட்டுக்காரனே வண்டிக்கூலி கொடுப்பது போன்றது இது.

மாணவனின் கைச்செலவுக்கு வரும் பணமும் இந்தச் சந்தைக்கு வெளியே பிறந்ததன்று. 1981இல் லலித் அத்துலத்முதலி நிறுவிய மகாபொல உயர்கல்வி நிதியம் பல தலைமுறை மாணவருக்குச் சோறு போட்டிருக்கிறது. 'மகாபொல' என்னும் சிங்களச் சொல்லுக்குப் பெருஞ்சந்தை என்று பொருள். வர்த்தகக் கண்காட்சிகளாலும் லொத்தர் வருமானத்தாலும் வளர்ந்த நிதி அது. 2025ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டம் மாதக் கொடுப்பனவை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தியது. லொத்தர்ச் சீட்டை வாங்குகிறவர் யார்? பெரும்பாலும் தினக்கூலிக்காரர். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் சீட்டிழுப்பைக் கேட்டும் கண்டும் நாளை தமக்கு விழும் என்று நம்பும் அவரது ஆசையில் ஒரு பங்கு, பல்கலைக்கழகத்தில் ஒரு பிள்ளையின் மதிய உணவாகிறது. விளம்பரத்தை இகழ்ந்து கட்டுரை எழுதும் மாணவனின் தாளும் பேனாவும் விளம்பரம் ஊட்டிய ஆசையால் வாங்கப்பட்டவையாக இருக்கக்கூடும். இதை அறிந்தபின் அவனால் எளிதாக இகழ முடிவதில்லை.

புறநானூற்றிலே நக்கீரனார், உலகாளும் வேந்தனையும் காட்டிலே இரவும் பகலும் விலங்கின்பின் திரியும் வேட்டுவனையும் அருகருகே நிறுத்தி, உணவிலும் உடையிலும் இருவர் தேவையும் ஒன்றே என்று கண்டார். விளம்பரம் அதற்கு நேர்மாறான கணக்கைப் போடுகிறது. ஒரே தேவையுடைய இருவரை நிறுத்தி, ஒருவரிடம் இருப்பது மற்றவரிடம் இல்லை என்று காட்டுகிறது. ஆனால் நக்கீரனாரின் அளவுகோலும் இம்மாணவனுக்கு முழுமையாகப் பொருந்துவதில்லை. 2020இற் கொள்ளைநோயால் விரிவுரை மண்டபங்கள் அடைபட்டபோது, பாடம் தொலைபேசி வழியாகவே வந்தது. தொலைபேசி இல்லாத பிள்ளைக்கு வகுப்பும் இல்லை. அன்றுமுதல் அக்கருவி ஆடம்பரம் என்ற பட்டியலிலிருந்து தேவை என்ற பட்டியலுக்கு மாறிவிட்டது. பாடம் வரும் அதே வாசல் வழியாகவே பண்டமும் வருகிறது. ஒன்றுக்குத் திறந்து மற்றதற்கு அடைக்க முடியவில்லை.

இந்தக் கோட்பாடெல்லாம் வினாயகபுரத்து வீட்டுக்குள் நுழையும்போது கடனாக உருக்கொள்கிறது. கிழக்கிலே போரும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் கடந்து சென்றபின், நுண்கடன் நிறுவனங்கள் ஊர் ஊராக வந்தன. பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருவருக்கு மற்றவரைப் பிணையாக்கி, ஈடில்லாமற் கடன் கொடுத்தன. தையல் இயந்திரம் வாங்கிப் பிழைத்தவர் உண்டு. ஒரு கடனை அடைக்க மறு கடன் வாங்கித் தவணை நாளிலே கதவை மூடிக்கொண்டவரும் உண்டு. நிலைமை முற்றியதால், 2018இல் அரசாங்கம் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிலே பெண்கள் பெற்று நிலுவையாயிருந்த, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய நேர்ந்தது. நான்கே ஆண்டு கழித்து நாடே அந்நிலைக்கு வந்தது. 2022 ஏப்பிரல் 12ஆந் திகதி இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. அவ்வாண்டு செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதமாயிற்று. உணவுப் பொருள்களின் விலை மட்டும் முந்திய ஆண்டைவிட 94.9 வீதம் ஏறியிருந்தது. அந்த மாதங்களிலும் தொலைபேசித் திரையிற் புதிய பண்டங்களின் அணிவகுப்பு நின்றதில்லை.

மாணவனின் தொலைபேசிக் கண்ணாடி கீறிப்போயிருக்கிறது. விரிவுரைக் குறிப்புகளின் எழுத்து ஒரு பக்கத்தில் மறைகிறது. அதைக் கண்ட தாய், "படிப்புக்குத் தேவையென்றாற் சொல்லு மகன், குழுவிலே எழுதிப் போடுகிறேன்" என்கிறாள். அவள் எந்த விளம்பரத்தையும் பார்த்துச் சொல்லவில்லை. மகன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிப்பதைப் பார்த்துச் சொல்லுகிறாள். ஆகவே பொருளியல் நூல்களில் உள்ள எந்த வாதமும் அவளிடம் செல்லாது.

அவன் ஒரு தாளை எடுத்துக் கணக்கிடுகிறான். தவணை இருபத்துநான்கு மாதம். அவன் படிப்பு முடியப் பதினெட்டு மாதம். கொடுப்பனவு நின்றபின் ஆறு மாதம் அந்தத் தவணை தாயின் தலையில் விழும். அவள் கட்டத் தவறினாற் குழுவிலுள்ள பக்கத்து வீட்டு அக்காமாரின் தலையில் விழும். அவர்களுள் ஒருவர் இடியப்பம் அவித்து விற்பவர். அவருக்கும் இந்தத் தொலைபேசிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, முன்னொரு காலத்துச் சவர்க்காரக்காரிக்கும் பாட்டுக்கும் இல்லாதது போல.

கண்ணாடியை மட்டும் மாற்ற அக்கரைப்பற்றில் என்ன கேட்பார்கள் என்று அவன் அந்தத் தொலைபேசியிலேயே தேடிப் பார்க்கிறான். திருத்தும் கடையொன்றின் முகவரி கிடைக்கிறது. அதற்கு மேலே, புதிய தொலைபேசிகள் மூன்று, இலகு தவணையில்.