பள்ளித் தோட்டத்தில் ஒரு சரளைப் பாதை

(ஊராட்சித் தலைவர்கள், தலைமையாசிரியர்கள், மகளிர் குழுவினர் ஆகியோருக்கு நடத்தப்பெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. 60 அடி நீளமும் 4 அடி அகலமும் கொண்ட ஒரு நடைபாதையைப் பற்றியது. இதற்கு ஒரு சொற்பொழிவா என்று சிலர் எண்ணக்கூடும். சற்றுப் பொறுத்துக் கேட்க வேண்டுகிறேன்.

பள்ளிகளில் ஆண் குழந்தைகளுக்கும் பெண் குழந்தைகளுக்கும் தனித்தனிக் கழிப்பறைகள் இருத்தல் வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் விதித்துள்ளது. நாமும் கட்டினோம். பல பள்ளிகளில் அக்கட்டடம் தோட்டத்திற்கு அப்பால், மனையின் கோடியில் அமைந்துவிட்டது. ஐப்பசியில் மழை இறங்கியதும் இடையிலுள்ள நிலம் முழுவதும் சேறாகிறது. பெண் குழந்தைகள் அங்குப் போவதில்லை. போக வேண்டிய தேவையே எழாதிருக்கக் காலை முதல் தண்ணீர் குடிப்பதையும் நிறுத்திவிடுகிறார்கள். ஆசிரியைகள் பலர் இதனை என்னிடம் கூறியுள்ளனர். கட்டடத்திற்கு நிதி ஒதுக்கினோம். அதற்குச் செல்லும் வழியை மறந்தோம்.

சிமெண்டுத் தளம் போட்டுவிட்டால் என்ன என்பது உடனே எழும் கேள்வி. போடலாம். ஆனால் மதிப்பீடு, ஒப்புதல், ஒப்பந்தம் என்று ஒவ்வொரு படியாக ஏறி இறங்குவதற்குள் கார்த்திகை பிறந்துவிடும். மேலும், 2003ஆம் ஆண்டில் நம் மாநிலம் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. கூரைத் தண்ணீரைக் குழி வெட்டி நிலத்திற்குள் இறக்குகிறோம். அதே முற்றத்தைச் சிமெண்டால் மூடித் தண்ணீரைத் தெருவுக்கு விரட்டுகிறோம். இது எனக்கு விளங்கவில்லை. சரளைப் பாதை தன்மேல் விழும் நீரில் ஒரு பகுதியை உள்ளே வாங்கிக்கொள்ளும். வேம்பின் வேருக்கும் அது கேடு செய்யாது.

இனிச் செய்முறைக்கு வருவோம். சரளைப் பாதை கெடுவது நடுவில் அன்று, ஓரத்தில்தான். ஓரத்தில் பிடிப்பு இல்லையேல், இரண்டு மழையில் சரளை பாத்திக்குள் சரிந்துவிடும். பாத்தி மண் பாதைக்கு வந்துவிடும். ஆதலின் செங்கல் வரம்பே இவ்வேலையில் பிரதானம். அதனை அழகுக்காக வைக்கும் பொருளாகக் கருதுவதே நம்மிடையே உள்ள கோளாறு. அலுவலக வாயில்களில் பார்த்திருப்பீர்கள்: செங்கல்லைச் சாய்வாக இரண்டு விரற்கடை மண்ணில் செருகி, காவியும் சுண்ணாம்பும் மாறி மாறிப் பூசியிருப்பார்கள். மேலதிகாரி வந்து போகும் வரையில் அது நிற்கும். பிறகு ஆட்டுக்குட்டி இடறினாலே சாயும்!

நம் நாட்டுச் செங்கல் ஏறக்குறைய 9 அங்குல நீளம், 4½ அங்குல அகலம், 3 அங்குலக் கனம் உடையது. நீளவாக்கில் படுக்க வைத்தால் இரு ஓரங்களுக்கும் 160 கல் போதும். நெட்டுக்குத்தாக நிறுத்தினால் 320 கல் வேண்டும். சிக்கனம் கருதி முதல் வழியையே நாடுவோம். ஆனால் நெட்டாக நிறுத்திய கல் 7 அங்குலம் மண்ணுக்குள் இருக்கும். 2 அங்குலமே வெளியில் தெரியும். அது அசையாது. சிமெண்டுக் கலவையும் வேண்டியதில்லை. கூடுதலாகச் செலவாகும் 160 கல்லைச் செலவென்று நான் கருதுவதில்லை. நன்றாக வெந்த கல்லாகப் பாருங்கள். ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். வேகாத கல் மண்ணின் ஈரத்தில் கரைந்துவிடும்.

கயிறு கட்டிக் குறியிட்டபின், முதலில் ஓரத்துக் காலைத் தோண்டிக் கல்லை நிறுத்துக. அடியில் சிறிது மணல் பரப்பி, இருபுறமும் மண்ணை அணைத்துக் கெட்டிக்க வேண்டும். அதன் பின்னரே நடுவில் 3 அங்குலம் தோண்டுதல் வேண்டும். புல்லை, குறிப்பாகக் கோரையை, கிழங்கோடு களைந்துவிடுங்கள். மரத்தின் பெரிய வேர் குறுக்கிட்டால் வேரை வெட்டாமல் பாதையை வளைத்துக்கொள்ளுங்கள். கரிசல் மண்ணுள்ள ஊர்களில் இந்த ஆழம் போதாது. கோடையில் வெடித்து மழையில் உப்பும் நிலம் அது. இன்னும் 3 அங்குலம் எடுத்து மணல் நிரப்புவது அவசியம்.

தோண்டிய பள்ளத்தில் சரளை மண்ணை இரண்டு தட்டாகக் கொட்டி, ஒவ்வொரு தட்டையும் நீர் தெளித்துத் திமிசால் இடிக்க வேண்டும். மேலே ஓர் அங்குலத்திற்குக் கால் அங்குலச் சிப்ஸ் ஜல்லியும் கிரஷர் தூளும் கலந்து பரப்பி, மீண்டும் நீர் தெளித்து இடியுங்கள். ஆற்றுக் கூழாங்கல் வேண்டாம். உருண்டைக் கல் காலடியில் உருளும். உடைந்த கல் ஒன்றையொன்று கவ்வும். ஸ்காத்லாந்துப் பொறியாளர் மெக்காடம் (1756–1836) பெயரால் வழங்கும் சாலைகள் இந்த உண்மையையும், அடிநிலம் உலர்ந்திருக்க வேண்டும் என்னும் கொள்கையையும் கொண்டு எழுந்தவையே.

தோட்டக்கலை நூல்கள் சில, முக்கால் அங்குல ஜல்லியைத் தளர்வாகப் பரப்பச் சொல்லும். அவை காலணி அணிந்து உலவுவோருக்காக எழுதப்பெற்றவை. நம் குழந்தைகள் செருப்பை வகுப்பறை வாயிலில் விட்டுவிட்டு ஓடுகிறவர்கள். சக்கர நாற்காலியில் வரும் குழந்தையோ தளர்ந்த ஜல்லியில் ஒரு முழம் கூட நகர முடியாது. கெட்டிப்பட்ட தூள்தளத்தில் சக்கரம் ஓடும். அத்தகைய குழந்தை பயிலும் பள்ளியில் பாதையின் இரு முனையிலும் செங்கல் தலையைத் தளத்தோடு சமமாக்கிவிட வேண்டும்.

நடுப்பகுதி ஓரத்தைவிட ஓர் அங்குலம் உயர்ந்திருக்கட்டும். தாழ்ந்த பக்கத்து வரம்பில் 6 அடிக்கு ஒரு கல் இடைவெளி விட்டு, அவ்வாயில் கைப்பிடியளவு கருங்கல் துண்டுகளை அடையுங்கள். நீர் வடியும், சரளை போகாது. இதனை விட்டுவிட்டால் நீங்கள் போட்டது பாதையாகாது. தண்ணீரை வகுப்பறைப் பக்கம் திருப்பும் கரையாகிவிடும்.

மேடு உட்படக் கணக்கிட்டால், சரளையும் ஜல்லியும் சேர்ந்து ஏறத்தாழ 110 கன அடி வேண்டும். அதாவது ஒரு யூனிட்டும் சற்று மேலும். ஏரியிலோ புறம்போக்கிலோ நம் ஊர் மண்தானே என்று வெட்டி எடுத்தல் கூடாது. 1959ஆம் ஆண்டுச் சிறுகனிமச் சலுகை விதிகளின்படி அனுமதி பெற்ற இடத்திலிருந்து சீட்டோடு வாங்குங்கள். தலைவர்கள் சிலர் என்மீது வருத்தப்படுவது தெரியும். வருத்தப்படட்டும்.

முதல் மழைக்குப் பிறகு தளம் ஆங்காங்கே அமரும். அதற்கென நான்கு பாண்டு தூளை மூலையில் குவித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆவணி, புரட்டாசிக்குள் வேலை முடிதல் நலம். திமிசு இல்லாத ஊரார் ஒன்றிய அலுவலகத்தில் உள்ள இரண்டையும் கையொப்பமிட்டு எடுத்துச் செல்லலாம். பிடி கழன்றால் சரிசெய்து திருப்பித் தரவும். அடுத்த ஊர்க்காரர் காத்திருப்பார்.