நினைவில் வைத்தது எது?



பாலிமர் நினைவகங்களைப் பற்றித் தமிழில் பேச பெங்களூரு ஒக்கலிபுரத்தில் இத்தனை பேர் கூடியிருப்பதைப் பார்க்க மனம் நிறைகிறது. இங்கிருந்து மல்லேஸ்வரத்தைத் தாண்டினால் இந்திய அறிவியல் கழகம். அங்கே ஸ்ரீதோஷ் கோஸ்வாமியின் குழு, ருத்தேனியம் சேர்ந்த மூலக்கூறுகளின் மெல்லிய படலத்தில் 16,500 மின்கடத்து நிலைகளை எழுதிப் படித்துக் காட்டியது. அந்த ஆய்வு 2024 செப்டம்பரில் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. சாதாரண நினைவகத்துக்கு 0, 1 என்று இரண்டே நிலைகள் போதும் என்பதை எண்ணிப் பாருங்கள். அந்தப் படலத்தில் இருப்பது பாலிமர் அல்ல, சிறு மூலக்கூறுதான். ஆனாலும் நமக்கு அதில் பாடம் உண்டு. எலக்ட்ரானை வாங்கிக்கொள்வது மூலக்கூறின் எந்தப் பகுதி என்று அவர்களுக்குத் தெரியும்.

எனக்கு ஒருமுறை அது தெரியாமல் போயிற்று. பல ஆண்டுகளுக்கு முன் என் மாணவி ஒருவர், மின்கடத்தும் பூச்சுள்ள கண்ணாடித் துண்டில் பாலிமர்க் கரைசலைச் சொட்டவிட்டு, வேகமாகச் சுழற்றி, 100 நானோமீட்டர் அளவில் படலம் எடுத்தார். மேலே அலுமினியத்தை வெற்றிடத்தில் ஆவியாக்கிப் புள்ளி புள்ளியாகப் படியவிட்டார். ஊசியை வைத்து மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றினோம். 3 வோல்ட்டை நெருங்கும்போது மின்னோட்டம் ஒரே தாவாகத் தாவி ஆயிரம் மடங்கானது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு மறுநாள் வந்து பார்த்தோம்; அந்த நிலை அப்படியே இருந்தது. ஆய்வகம் முழுக்க இனிப்பு கொடுத்தோம்.

பிறகு அலுமினியத்தை எடுத்துவிட்டுத் தங்கம் வைத்தோம். தாவலே இல்லை. பாலிமர் அதேதான், கரைசலும் அதேதான். அலுமினியத்தின் மேல் தானாகப் படியும் ஆக்சைடுத் தோலில் நூல்போல ஒரு மின்வழி திறந்து மூடியதைத்தான் நாங்கள் பாலிமரின் நினைவு என்று கொண்டாடியிருக்கிறோம். இதே வகை ஆக்சைடு மாற்றத்தை 2006இல் பிலிப்ஸ் ஆய்வாளர்கள் தெளிவாகக் காட்டினார்கள். அந்த மாணவி கட்டுரையை அனுப்பவில்லை. அவருடைய அந்த முடிவை இன்றும் மதிக்கிறேன்.

பாலிமரே நினைவு வைப்பதும் உண்டு. பாலிவினைலிடீன் ஃபுளோரைடு வகையில் சங்கிலியின் ஒரு பக்கம் ஃபுளோரின், மறுபக்கம் ஹைட்ரஜன். மின்புலம் போதிய அளவு வந்தால் இரண்டும் பக்கம் மாறிக்கொள்ளும். மின்புலம் போன பிறகும் மாறிய இடத்திலேயே நிற்கும். 100 நானோமீட்டர் படலத்துக்கு ஏறக்குறைய 5 வோல்ட் போதும். புகைப்படச் சுருளில் நிலைமின்னைத் தடுக்கப் பூசிய பெடாட் பாலிமரை, 2003இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ஃபாரஸ்ட் குழு ஒருமுறை மட்டும் எழுதும் நினைவகமாக்கியது. அதிக மின்னோட்டம் பாய்ந்தால் அது கடத்தும் தன்மையை நிரந்தரமாக இழந்துவிடும். அங்கே நினைவு பாலிமருடையதுதான்; சந்தேகத்துக்கு இடமில்லை.

இவை சிலிக்கானை விரட்டிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். சில்லுகளைப் பற்றவைக்கும் அடுப்பு 250 டிகிரியைத் தொடும். ஃபுளோரைடு பாலிமரோ ஏறக்குறைய 175 டிகிரிக்குள் உருகிவிடும். அச்சிட்ட சீட்டு, துணி, மருந்துப் பொட்டலம் என்று சூடுபடாத, வளையும் இடங்களில்தான் இவற்றுக்கு வேலை.

ஆகவே இன்று கட்டுரை படிக்கும் ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்விகள் கேட்கப்போகிறேன். மின்முனையை மாற்றிப் பார்த்தீர்களா? செய்த சாதனங்கள் எத்தனை, அவற்றில் வேலை செய்தவை எத்தனை? விடை சிறியதாக இருந்தாலும் தயங்காமல் சொல்லுங்கள். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.