நோயுற்ற பெண் பச்சோந்தி



தாராவியில் குடியேறிய திருநெல்வேலிச் சீமையாருக்குப் பச்சோந்தி புதிய பிராணி அன்று. உடைமரக் கிளையிலும் வேலியோரத்திலும் அது ஒவ்வோர் அடிக்கும் முன்னும் பின்னும் அசைந்தாடி நடப்பதை அவர்கள் இளமையில் கண்டிருப்பர். மாதுங்காவிலும் செம்பூரிலும் பிறந்து வளரும் நம் பிள்ளைகளோ அதனைக் காண்பது பெரும்பாலும் வலைக் கூண்டினுள்ளேதான். நாய் பூனைக்கு மாற்றாக ஊர்வனவற்றை வளர்க்கும் விருப்பம் நகரங்களில் தோன்றியிருக்கிறது. அவ்வாறு வளரும் பெண் பச்சோந்திக்கு நோய் கண்டால் அறிவது எங்ஙனம், அறிந்தபின் செய்யத்தக்கது யாது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

முதற்கண் சட்டத்தைச் சொல்லிவிடுதல் முறை. நம் நாட்டுக் காடுகளில் இயற்கையாக வாழும் பச்சோந்தி ஓர் இனமே. அது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளது. அதனைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். வீடுகளில் வளர்க்கப்படுவது பெரும்பாலும் அயல்நாட்டு இனம். குறிப்பாக, தலையில் உயர்ந்த கொண்டையுடைய ஏமன் நாட்டுப் பச்சோந்தி. இத்தகைய அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்போர் அரசிடம் அறிவித்துப் பதிவு செய்துகொள்ள வேண்டுமென 2024-ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. சட்டத்துக்கு அஞ்சி, நோயுற்ற பிராணியை எவருக்கும் காட்டாமல் மறைத்து வைத்திருந்து சாகவிடுவோர் உண்டு. அந்த அச்சம் மனிதர்க்கு இயல்பே. ஆயினும் அதன் விலையைச் செலுத்துவது வாயில்லா ஜீவன்.

பச்சோந்தி தன் நோயைக் காட்டிக்கொள்ளாது. மரத்தில் தளர்ந்து தொங்குவது பருந்துக்கு எளிய இரையாகும் ஆதலின், இயன்ற மட்டும் நலமாக இருப்பது போலவே அது தோன்றும். நாம் கண்ணால் காணும்போது நோய் முற்றியிருக்கும். ஆகவே நாள்தோறும் கவனித்தல் வேண்டும். நிறத்தை மட்டும் கொண்டு முடிவு கட்டலாகாது. காலையில் வெயிலை வாங்கிக்கொள்ளக் கருத்திருப்பதும், இரவில் உறங்கும்போது வெளிறியிருப்பதும் இயற்கையே. தோலின் அணுக்களுக்குள் அடுக்கியுள்ள நுண்ணிய படிகங்களின் இடைவெளி மாறுவதாலும் நிறம் மாறுகிறதென ஜெனீவாப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் 2015-இல் வெளியிட்டனர். நாள் முழுதும் மாறாமல் கருத்தோ மங்கியோ கிடந்தால் அப்போது ஐயுறலாம்.

நிறத்தினும் நம்பத்தக்கவை கண்ணும் காலும். கூம்பு போல் துருத்தி, ஒன்று ஒரு பக்கமும் மற்றொன்று வேறு பக்கமுமாகச் சுழலும் அக்கண்கள் உள்வாங்கியிருந்தால் உடலில் நீர் வற்றியதென்று கொள்ளலாம். பகற்பொழுதில் கண்மூடியிருக்கும் பச்சோந்தி நலமாக இல்லை. இதில் விதிவிலக்கு அரிது. எச்சத்தின் வெண்பகுதி ஆழ்ந்த மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ மாறினாலும் நீர்க் குறைவே. கிண்ணத்து நீரைப் பச்சோந்தி பெரும்பாலும் அறியாது. இலையில் சொட்டும் துளியையே நக்கிக் குடிக்கும். கிண்ணம் நிறைய நீரிருந்தும் தாகத்தால் வாடும் பச்சோந்திகள் பல.

இனி, பெண்ணுக்கே உரிய இடருக்கு வருவோம். ஏமன் நாட்டு இனத்தில் ஆணின் பின்னங்காற் குதியில் சிறு முள் போன்றதொரு புடைப்பு குஞ்சுப் பருவத்திலேயே இருக்கும். அது இல்லாதது பெண். சேவலின்றியும் கோழி முட்டையிடுதல் போல, இப்பெண்ணும் ஆணைக் காணாமலே முட்டை வைக்கும். ஓர் ஈட்டில் இருபது, முப்பது, சில வேளை அதற்கு மேலும் வரும். "ஒன்றைத்தானே வளர்க்கிறோம், முட்டைக்கு இடமேது?" என்று எண்ணியிருப்போர் இங்கேதான் ஏமாந்து போகின்றனர்.

முட்டை முதிர்ந்ததும் அவள் கிளையை விட்டிறங்கித் தரையில் அலைவாள், மூலைகளைச் சுரண்டுவாள், உணவைக் குறைப்பாள். இதுவரை நோயில்லை. ஈரமான மணலை ஒரு சாண் ஆழத்துக்கு மேல் நிரப்பிய தொட்டி ஒன்றைக் கூண்டினுள் வைத்து, கூண்டைத் துணியால் மறைத்துவிட வேண்டும். மனிதர் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தால் தோண்டிய குழியைப் பாதியில் விட்டு மேலேறிவிடுவாள். வீட்டுக் குழந்தைகளிடம் இதனைச் சொல்லிவைப்பதுதான் கடினம்!

தோண்ட இடமின்றியோ உடலில் வலுவின்றியோ முட்டைகள் உள்ளேயே தங்கிவிட்டால் அது முட்டைக்கட்டு. வயிறு புடைத்திருக்கும், கைகால் மெலிந்திருக்கும், கண் மூடியிருக்கும், கிளையைப் பற்ற இயலாமல் தரையில் கிடப்பாள். தாமதித்தால் சில நாட்களில் உயிர் போய்விடும். இதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று சுண்ணச்சத்துக் குறைவு. முட்டை ஓட்டுக்காக உடலின் சுண்ணம் செலவாகிறது, சுண்ணம் குறைந்தால் முட்டையை உந்தித் தள்ளும் தசை சோர்கிறது, எலும்பும் வளைகிறது. முன்னங்கைகள் வில்லாக வளைதல், தாடை மென்மையாதல், நாக்கை வீசி இரையைப் பிடிக்க முடியாமை ஆகிய மூன்றும் அதன் முன்னறிகுறிகள். சுண்ணத்தை உடல் ஏற்க வெயிலின் புற ஊதாக் கதிர் வேண்டும். அடுக்குமாடி வீட்டின் சன்னற் கண்ணாடி அக்கதிரின் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். நான்கு மாத மழைக்காலத்தில் மும்பையில் வெயிலே அரிது. ஆதலின் அதற்கென விற்கும் விளக்கும், சிள்வண்டு இரையின்மேல் தூவும் சுண்ணப்பொடியும் இன்றி இப்பிராணியை வளர்க்கலாகாதென்பது நம் கருத்து.

செய்யக்கூடாதவை சில. வயிற்றைப் பிசைந்து முட்டையை வெளியேற்ற முயலல் ஆகாது. உள்ளே முட்டை உடைந்தால் உயிர்க்கே முடிவு. வலிந்து வாயில் நீரை ஊற்றினால் அது மூச்சுக்குழலில் இறங்கும். பால்சோறு, மஞ்சள், விளக்கெண்ணெய் என்று நம் வீட்டுப் பாட்டிமார் அன்பினால் நீட்டும் யாவும் இங்கே பயன்படா. வாயைத் திறந்தபடி மூச்சு வாங்குதலும், வாயோரத்தில் சளி நுரைத்தலும் நுரையீரல் நோயின் குறிகள். அதற்கும் வீட்டு வைத்தியம் இல்லை. வைத்தியர் எக்ஸ்ரே எடுத்து முட்டைகளைக் கண்டு, சுண்ண ஊசியோ அறுவையோ எதுவென்று முடிவு செய்வார்.

எங்கே செல்வது? பரேலில் விலங்குகளுக்கென பாயி சகர்பாயி தின்ஷா பெட்டிட் மருத்துவமனை பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் இயங்கி வருகிறது. 1886-இல் தொடங்கிய பம்பாய்க் கால்நடைக் கல்லூரியும் அங்கேயே. சயான் நிலையத்தில் ஏறுவோர்க்கு மாதுங்கா, தாதர் கடந்தால் பரேல். செம்பூரார் குர்லாவில் வண்டி மாற வேண்டும். ஊர்வனவற்றில் பழகிய மருத்துவர் உளரா என்று முன்கூட்டித் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு புறப்படுதல் நலம். அங்ஙனம் கேட்கும்போது 'கிர்கிட்' என்றோ 'சரடா' என்றோ மட்டும் சொன்னால் எதிரிலிருப்பவர் ஓணான் என்று எண்ணக்கூடும். சுருளும் வாலையும் கூம்புக் கண்ணையும் எடுத்துச் சொல்லுக. வேலியோரத்தில் அடிபட்டுக் கிடக்கும் நம் நாட்டுப் பச்சோந்தியானால் வீட்டுக்கு எடுத்துச் செல்லாமல் மகாராஷ்டிர வனத்துறையின் 1926 என்னும் எண்ணை அழைத்தல் வேண்டும்.

கொண்டுசெல்லும் முறை எளிது. துளையிட்ட அட்டைப் பெட்டி, பற்றிக்கொள்ள ஒரு குச்சி, அடியில் மெல்லிய துணி. பெட்டிக்குள் இருளிருந்தால் பதற்றம் தணியும். கடைசியாக உண்ட நாள், எச்சத்தின் நிறம், தரையைச் சுரண்டத் தொடங்கிய நாள் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் குறித்துப் பெட்டியோடு கொண்டு செல்லுங்கள். வைத்தியர் முதலில் கேட்பது அவற்றையே.