கை உயர்த்தியது யார் என்று பார்த்துவிட்டு வாக்களிப்போம்

(அறுகம்பேயில் நடைபெற்ற தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் அணியினருக்கான பயிற்சி முகாமில் பொத்துவிலைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை.)

 

பசறையிலிருந்தும் லுணுகலையிலிருந்தும் விடியுமுன்னே பஸ் ஏறி, மொனராகலை, சியம்பலாண்டுவை வழியாக இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். உங்கள் பிள்ளைகள் வெளியே கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குக் கடல், உங்களுக்கு ஹன்சாட். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்தில் ஓர் ஆள் நேற்று வேலைக்கு வந்தாரா இல்லையா என்று சண்டை வந்தால் என்ன செய்வீர்கள்? செக்ரோலைப் பார்ப்பீர்கள். பேர் விழுந்திருந்தால் வந்தார், விழாவிட்டால் வரவில்லை. கொழுந்து நிறை குறைந்து அரைப்பேர் போட்டிருந்தால், அதற்கும் தராசடியில் நின்று நியாயம் கேட்பீர்கள். ஒரு கிலோவுக்கு அப்படிக் கேட்கிற நீங்கள், ஐந்து வருஷத்துக்கென்று கொழும்புக்கு அனுப்பிவைக்கிற ஆளின் செக்ரோலை ஒரு நாளாவது கேட்டதுண்டா? எங்கள் ஊரிலும் கேட்டதில்லை. மேடையில் என்ன பேசினார், கல்யாண வீட்டுக்கு வந்தாரா, மையத்து வீட்டுக்கு வந்தாரா என்றுதான் கணக்குப் பார்க்கிறோம்.

அந்தச் செக்ரோல் இருக்கிறது. பாராளுமன்றத்தில் பெயர் பதிந்து வாக்கெடுப்பு நடந்தால், சார்பாக வாக்களித்தவர்கள் ஒரு பட்டியலாகவும் எதிராக வாக்களித்தவர்கள் ஒரு பட்டியலாகவும் ஹன்சாட்டில் அச்சாகிறார்கள். அந்தப் பட்டியல் ஒன்றைத்தான் இன்று எடுத்துவந்திருக்கிறேன். அதில் உங்கள் மாவட்டமும் இருக்கிறது, எங்கள் மாவட்டமும் இருக்கிறது.

2020 ஆகஸ்ட் 5 ஆம் திகதி பொதுத் தேர்தல் நடந்தது. திகாமடுல்லை என்று வாக்குச் சீட்டில் எழுதப்படும் எங்கள் அம்பாறை மாவட்டத்தில் முஸ்லிம் காங்கிரஸ் வேட்பாளர்கள் ஐக்கிய மக்கள் சக்தியின் தொலைபேசிச் சின்னத்தில் கேட்டார்கள். அந்தப் பட்டியலில் இரண்டு ஆசனம் கிடைத்தது. கல்முனை ஹரீஸ், நிந்தவூர் பைசல் காசிம். ராஜபக்ச அரசாங்கத்துக்கு எதிரான வாக்கு என்று நினைத்துத்தான் எங்கள் சனம் தொலைபேசிக்குப் புள்ளடி போட்டது. பதுளை மாவட்டத்திலும் அதே தொலைபேசிக்கு நீங்கள் புள்ளடி போட்டீர்கள். தமிழ் முற்போக்குக் கூட்டணி அந்தப் பட்டியலில் நின்றது, அரவிந்தகுமார் தெரிவானார்.

எழுபத்தெட்டு நாள் கழிந்தது. ஒக்டோபர் 22 ஆம் திகதி இருபதாவது திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. 2015 இல் கொண்டுவந்த பத்தொன்பதாவது திருத்தம் ஜனாதிபதியின் கையைக் கொஞ்சம் கட்டியிருந்தது. இருபது அந்தக் கட்டை அவிழ்த்தது. நீதியரசர்கள், பொலிஸ் மாஅதிபர், ஆணைக்குழு உறுப்பினர்கள் நியமனமெல்லாம் மறுபடி ஜனாதிபதியின் விருப்பத்துக்குப் போனது. இரட்டைக் குடியுரிமைக்காரரும் பாராளுமன்றம் வரலாம் என்றானது. பாராளுமன்றத்தை இரண்டரை வருஷத்தில் கலைக்கலாம் என்றும் ஆனது.

அதற்குச் சார்பாக 156, எதிராக 65. மூன்றில் இரண்டுக்கு வேண்டியது 150. எதிர்க்கட்சிப் பட்டியல்களில் தெரிவாகிப்போன எட்டுப் பேர் சார்பாக வாக்களித்தார்கள். ஹரீஸ், பைசல் காசிம், திருகோணமலை தௌபீக், மட்டக்களப்பு நஸீர் அஹமட், அநுராதபுரம் இஷாக் ரஹ்மான், புத்தளம் அலி சப்ரி ரஹீம், தேசியப் பட்டியல் டயானா கமகே, பதுளை அரவிந்தகுமார். 156 இல் எட்டைக் கழித்துப் பாருங்கள். 148. அந்த எட்டுப் பேரும் எங்கள் வாக்கை வாங்கிக்கொண்டு போன இடத்தில் நின்றிருந்தால், அன்றைக்கு மூன்றில் இரண்டு கிடைத்திருக்காது.

அரசாங்கப் பக்கம் இருந்த தமிழ், முஸ்லிம் உறுப்பினர்களும் சார்பாகத்தான் வாக்களித்தார்கள். அவர்களைப் பற்றி எனக்கு இங்கே பேச்சில்லை. மொட்டுக்குப் போட்டவருக்கு மொட்டுத்தான் கிடைத்தது. தொலைபேசிக்குப் போட்டு மொட்டு வாங்கியவர்களைப் பற்றித்தான் பேசுகிறேன்.

அவர்கள் சொன்ன நியாயத்தையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் அநீதி. அரசோடு ஒட்டி நின்றால்தான் சமூகத்தின் பிரச்சினையைத் தீர்க்கலாம் என்றார்கள். அப்போது எங்களுக்கு இருந்த பெரிய பிரச்சினை ஜனாஸா. கொரோனாவில் மௌத்தானவர்களை அடக்கவிடாமல் எரித்த காலம் அது. அந்த நோவு உங்களுக்குத் தெரியாமலிருக்காது, உங்கள் லயத்திலும் பெட்டியைத் திறந்து முகம் பார்க்கவிடாமல் கொண்டுபோனார்கள். ஆக, கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான். வாக்குக் கொடுத்தீர்கள், காரியம் நடந்ததா? ஒக்டோபரில் கை உயர்த்தினார்கள். நவம்பரில் எரித்தார்கள். டிசம்பரில் இருபது நாள் பாலகனையும் எரித்தார்கள். அடக்கலாம் என்று வர்த்தமானி வந்தது 2021 பெப்ரவரி 25 ஆம் திகதி. நாலு மாதம். அதுவும் உள்ளூரில் ஊர்வலம், வெளியில் ஜெனீவா என்று எல்லாப் பக்கமும் நெருக்கடி வந்த பிறகு. பேரம் பேசுவது பாவமில்லை. தொழிற்சங்கக்காரருக்கு நான் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பதற்கு முன்னாலே சம்பளத்தை எழுத்தில் கேட்பீர்களா, வைத்த பிறகு கேட்பீர்களா?

இன்னொரு விசயம். முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீம் அந்த வாக்கெடுப்பில் எதிராக வாக்களித்தார். கட்சி உறுப்பினர் நாலு பேர் சார்பாக. தலைவருக்குத் தெரிந்து நடந்ததா, தெரியாமல் நடந்ததா என்று பொத்துவில் தேத்தண்ணிக் கடைகளில் மாதக்கணக்கில் தர்க்கம். எனக்கு அந்தத் தர்க்கத்தில் விருப்பமில்லை. தலைவரின் பேச்சைக் கேட்டுவிட்டு கட்சி எதிர்த்தது என்று நம்பினவர் ஏமாந்தார், பட்டியலைப் பார்த்தவர் ஏமாறவில்லை. எங்கள் தேர்தலில் சின்னத்துக்கு ஒரு புள்ளடி, பிறகு மூன்று பேருக்கு விருப்பு வாக்கு. சின்னத்தைக் கட்சிக்குக் கொடுக்கிறோம். இலக்கத்தை ஆளுக்குக் கொடுக்கிறோம். ஆளுடைய கணக்கைப் பார்க்காமல் இலக்கம் எழுதுவது என்ன நியாயம்?

வாக்களித்ததற்குக் கூலி கொடுத்தவர் ஒருவராவது உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. 2022 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தை எதிர்ப்பது என்று முஸ்லிம் காங்கிரஸ் முடிவெடுத்திருந்தது. 2021 நவம்பரில் இரண்டாம் வாசிப்பு வாக்கெடுப்பில் நஸீர் அஹமட் சார்பாக வாக்களித்தார். கட்சி அவரை விலக்கியது. இடையில் அவர் சுற்றாடல் அமைச்சராகவும் ஆகிவிட்டார். வழக்குப் போனது. 2023 ஒக்டோபர் 6 ஆம் திகதி, விலக்கியது செல்லும் என்று உயர் நீதிமன்றம் தீர்த்தது. எம்.பி. பதவி போனது, அதோடு அமைச்சும் போனது. அடுத்த வருஷம் மே மாதம் அவரை வடமேல் மாகாண ஆளுநராக நியமித்தார்கள் என்பது வேறு கதை. சிரிக்கிறீர்கள். சிரிக்கத்தான் வேண்டும். ஆனால் நீதிமன்றம் எதைப் பார்த்தது என்று யோசியுங்கள். மேடைப் பேச்சையல்ல. அவர் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்ற பதிவைத்தான்.

இப்போது மாகாண சபைத் தேர்தல் வரும் வரும் என்கிறார்கள். கிழக்கு மாகாண சபை 2017 செப்டெம்பரோடு முடிந்தது. உங்கள் ஊவா சபை 2019 இல் முடிந்தது. அன்றிலிருந்து ஆளுநர் ஆட்சி. தோட்டப் பாடசாலைக்கு ஆசிரியர் இல்லை, ஆஸ்பத்திரிக்கு மருந்தாளர் இல்லை என்று கேட்கப் போனால் தெரிவு செய்யப்பட்ட ஓர் ஆள் அங்கே கதிரையில் இல்லை. இது ஏன் நடந்தது என்று தெரியுமா? அதுவும் ஒரு வாக்கெடுப்புத்தான்.

2017 செப்டெம்பர் 20. மாகாண சபைத் தேர்தல் திருத்தச் சட்டமூலம். வர்த்தமானியில் வந்தபோது அது பெண் வேட்பாளர் பங்கைப் பற்றிய சின்னச் சட்டமூலம். குழுநிலையில் அதற்குள்ளே புதிய தேர்தல் முறையையே சொருகிவிட்டார்கள். தொகுதி பாதி, விகிதாசாரம் பாதி. அந்த முறையில் சிறுபான்மைக்கு ஆசனம் குறையும் என்று எங்கள் கட்சிகளும் உங்கள் கட்சிகளும் அன்று பகல் முழுக்க முரண்டு பிடித்தன. அறுபதுக்கு நாற்பது என்று இருந்ததை ஐம்பதுக்கு ஐம்பது ஆக்கிக்கொண்டு, பிறகு சார்பாக வாக்களித்தன. சார்பாக 159, எதிராக 37. பெண்களுக்கான சட்டம் என்று பேரைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட சகோதரிமார், உள்ளே என்ன இருந்தது என்று பார்த்திருக்க வேண்டும்.

புது முறைக்கு எல்லை பிரிக்க வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்ட் 24 ஆம் திகதி சபைக்கு வந்தது. எதிராக 139. சார்பாக எத்தனை? ஒன்றுகூட இல்லை. அறிக்கையைக் கொண்டுவந்த அமைச்சர் பைசர் முஸ்தபாவே எதிராக வாக்களித்தார். ஒரு வருஷத்துக்கு முன் அந்த முறையை ஆக்கியவர்களே அதன் எல்லையைத் தோற்கடித்தார்கள். பழைய முறையைத் தூக்கிவிட்டார்கள், புது முறையை ஆக்கவில்லை. நடுவில் தேர்தல் விழுந்து கிடக்கிறது. இனி மாகாண சபைத் தேர்தல் நடந்து, உங்கள் லயத்துக்கு வாக்குக் கேட்டு வருகிறவர் 2017 இல் பாராளுமன்றத்தில் இருந்தவராக இருந்தால், இந்த இரண்டு திகதியையும் சொல்லிக் கேளுங்கள். “ஐயா, அன்றைக்கு எந்தப் பக்கம்?”

உங்களுக்கு இது புதிதில்லை. 1948 இல் பிரசாவுரிமைச் சட்டம், அடுத்த வருஷம் தேர்தல் திருத்தச் சட்டம். 1947 இல் கொட்டகலையும் தலவாக்கலையும் நுவரெலியாவும் தங்கள் ஆட்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பின. 1952 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸிலிருந்து ஒருவரும் இல்லை, ஏனென்றால் வாக்காளர் இடாப்பில் சனம் இல்லை. பிரசாவுரிமைச் சட்டத்தை எதிர்த்த ஜி.ஜி. பொன்னம்பலம், அமைச்சரான பிறகு அதைத் தொடர்ந்து வந்த இந்திய, பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டத்தை ஆதரித்தார். அதிலே கட்சி உடைந்து செல்வநாயகம் வெளியே போனார். உங்கள் பாட்டன், பாட்டி வாக்கை இழந்தது ஆற்றுவெள்ளத்திலல்ல. கை உயர்த்திப் பறித்தார்கள்.

சரி, எப்படிப் பார்ப்பது?

ஹன்சாட் பாராளுமன்ற இணையத்தளத்தில் இருக்கிறது. போனில் எடுக்கலாம், உங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னால் ஐந்து நிமிஷ வேலை. திகதி தெரிந்தால் போதும். யார் எந்த மொழியில் பேசினார்களோ அந்த மொழியிலேதான் அச்சாகியிருக்கும், அதனால் சிங்களம் வாசிக்கிற ஓர் ஆளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வாக்கெடுப்புப் பட்டியல் விவாதம் முடிகிற இடத்தில் இருக்கும். ஒரே சட்டமூலத்துக்கு ஒரே நாளில் பல வாக்கெடுப்பு நடக்கலாம். இருபதாவது திருத்தத்தில் இரட்டைக் குடியுரிமைப் பிரிவுக்குத் தனியாக எடுத்தபோது சார்பு 157, எதிர் 64. மொத்தத்துக்கு எதிராக நின்றுவிட்டு ஒரு பிரிவுக்கு ஆதரவு கொடுக்கிறவரும் இருப்பார்.

இரண்டு பட்டியலிலும் பேர் இல்லாதவரைத்தான் மறக்கக் கூடாது. பத்தொன்பதாவது திருத்தத்தைத் தன் சாதனை என்று சொன்ன மைத்திரிபால சிறிசேன, அதை அவிழ்த்த இருபதுக்கு வாக்களிக்க வரவேயில்லை. வராதது செக்ரோலில் எப்படி விழும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டுமா?

சில இடத்தில் பட்டியலே இராது. சபாநாயகர் கேட்பார், “ஆம்” என்று ஒரு சத்தம் வரும், நிறைவேறியது என்பார். ஒரு உறுப்பினர் எழுந்து வாக்கெடுப்புக் கேட்டால்தான் பேர் பதியும். ஆகவே உங்கள் உறுப்பினரிடம் முன்கூட்டியே கேட்கவேண்டிய உறுதிமொழி ஒன்று இருக்கிறது. தோட்டக் காணி, வீட்டு உறுதி, தொழில் சட்டம் பற்றி எந்தச் சட்டமூலம் வந்தாலும் எழுந்து நின்று வாக்கெடுப்புக் கேட்பாரா?

எல்லாம் பாராளுமன்றத்தில் தீர்மானமாவதில்லை என்பதையும் மனதில் வையுங்கள். நாட் சம்பளம் சம்பள நிர்ணய சபையில் பேசப்படுகிறது. அதற்கு எம்.பி. கை உயர்த்தவில்லை என்று ஏசுவதில் பிரயோசனமில்லை. ஆனால் தோட்ட வீடமைப்புக்குப் பணம் ஒதுக்குவது வரவு செலவுத் திட்டம். அதற்கு வாக்கெடுப்பு உண்டு.

கடைசியாக ஒருவர். சரத் வீரசேகர. 2010 இல் எங்கள் திகாமடுல்லையிலிருந்துதான் பாராளுமன்றம் போனார். 2015 இல் பத்தொன்பதாவது திருத்தத்துக்கு 212 பேர் சார்பாக வாக்களித்தபோது எதிராக வாக்களித்த ஒரேயொருவர் அவர். 2022 ஒக்டோபரில் இருபத்தோராவது திருத்தத்தின் இரண்டாம் வாசிப்பில் 179 பேர் சார்பு, ஒருவர் எதிர். அந்த ஒருவரும் அவரேதான். அவருடைய அரசியலுக்கு நான் முழு எதிரி. ஆனால் அவர் எங்கே நிற்பார் என்று வாக்குக் கொடுத்தவருக்கும் தெரியும், கொடுக்காதவருக்கும் தெரியும். நாங்கள் வாக்குக் கொடுத்த ஆட்களைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்கு ஆசை.

இப்போது ஐந்து ஐந்து பேராக உட்காருங்கள். ஒக்டோபர் 22 ஆம் திகதிப் பட்டியலின் பிரதி ஒவ்வொரு குழுவுக்கும் ஒன்று வரும். பதுளைக்காரர் பதுளை உறுப்பினர்களைத் தேடிக் கோடிடுங்கள், மொனராகலைக்காரர் மொனராகலை உறுப்பினர்களை. பின்வரிசையில் இருக்கிற எங்கள் பொத்துவில் தம்பிமாருக்கு அம்பாறை. பேர் கிடைக்காதவரை வேறு தாளில் எழுதுங்கள். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து ஒவ்வொரு குழுவும் வாசித்துக் காட்ட வேண்டும்.