டாம் வில்ஸ் கேட்ட ஆட்டமும் கிடைத்த ஆட்டமும்



மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தைத் தொலைக்காட்சியில் பார்க்காத கிரிக்கெட் ரசிகர் நம்மில் குறைவு. குளிர்காலம் தொடங்கிவிட்டால் அந்த மைதானம் கிரிக்கெட்டுக்குச் சொந்தமில்லை. ஊரார் ‘ஃபுட்டி’ என்று செல்லமாகச் சொல்லும் ஆஸ்திரேலியக் கால்பந்து அங்கே குடியேறிவிடும். பந்தும் நீள்வட்டம், மைதானமும் நீள்வட்டம். பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள். நடுவிலுள்ள இரண்டுக்கும் இடையே பந்தை உதைத்து அனுப்பினால் 6 புள்ளி, ஓரத்தில் போனால் 1 புள்ளி. பந்தை எறியக் கூடாது. உதைக்கலாம், முஷ்டியால் குத்தி அனுப்பலாம். ஆஃப்சைடு என்ற தொல்லையே கிடையாது.

இந்த ஆட்டத்தின் தொடக்கத்தில் நிற்கிற மனிதர் டாம் வில்ஸ். இதைக் கண்டுபிடித்தவர் என்றே அவரைப் பலரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வில்ஸ் 1835-இல் நியூ சவுத் வேல்ஸில் பிறந்தார். பாட்டனார் வழிப்பறிக் குற்றத்துக்காக இங்கிலாந்திலிருந்து கப்பலேற்றப்பட்ட கைதி. தகப்பனார் ஹொரேஷியோ காலத்தில் குடும்பம் தலையெடுத்து, இன்றைய விக்டோரியா மாநிலத்தில் அராரட் ஊருக்கு அருகே பெரிய ஆட்டுப்பண்ணை வைத்தது. அது ஜாப் வுரங் என்ற பூர்வகுடி மக்களின் நிலம். சிறுவன் டாம் அவர்களுடைய பிள்ளைகளோடு ஓடியாடி, அவர்கள் மொழியைப் பேசவும் பாட்டுகளைப் பாடவும் கற்றுக்கொண்டான்.

பதினான்கு வயதில் இங்கிலாந்திலுள்ள ரக்பி பள்ளிக்கு அனுப்பினார்கள். படிப்பு ஏறவில்லை. கிரிக்கெட்டில் பள்ளி அணிக்கே தலைவரானார். 1856-இல் ஆக்ஸ்ஃபோர்டுக்கு எதிரான போட்டியில் கேம்பிரிட்ஜ் அணிக்கு ஓர் ஆள் குறைந்தபோது, அங்கே ஒரு நாள்கூடப் பாடம் படிக்காத வில்ஸ் ஆடிவிட்டு வந்தார். அந்த வருட இறுதியில் கப்பலேறி மெல்பர்ன் திரும்பினார். தங்கத்தால் பணம் கொழித்துக்கொண்டிருந்த ஊர் அவரைக் கொண்டாடியது. மெல்பர்ன் கிரிக்கெட் கிளப்பின் செயலாளர் பதவியும் வந்தது. கோப்புகளையெல்லாம் தாறுமாறாகப் போட்டுவிட்டுப் பாதியில் விலகினார்.

அதே மனிதர்தான் 1858 ஜூலை 10-ஆம் தேதி ‘பெல்ஸ் லைஃப் இன் விக்டோரியா’ என்ற விளையாட்டுப் பத்திரிகையில் கடிதம் எழுதி, கால்பந்துக் கிளப் ஒன்று வேண்டும், விதிகள் வகுக்க ஒரு குழுவும் வேண்டும் என்று கேட்டவர். குளிர்காலத்தில் சும்மா இருந்தால் கிரிக்கெட் வீரர்களின் உடம்பு கெட்டுவிடும் என்பது அவர் கவலை. பலர் ஓடி மிதித்தால் கிரிக்கெட் மைதானத்துப் புல்தரையும் கெட்டிப்படுமாம்! இதை எந்த மைதானப் பராமரிப்பாளரும் நம்பியிருக்க மாட்டார்.

அடுத்த மாதம் ஸ்காட்ச் கல்லூரியும் மெல்பர்ன் கிராமர் பள்ளியும் மைதானத்தை ஒட்டிய பூங்காவில் மோதின. பக்கத்துக்கு நாற்பது பேர். இரண்டு நடுவர்களில் ஒருவர் வில்ஸ். மூன்று நாள், அதுவும் வாரக்கணக்கில் இடைவெளி விட்டு ஆடியும், பக்கத்துக்கு ஒரு கோலோடு வெற்றி தோல்வியின்றி முடிந்தது. இப்போது எம்.சி.ஜி. என்ற அந்த மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தின் வாசலில் இருக்கும் வெண்கலச் சிலை, அந்த நடுவர் வில்ஸைத்தான் காட்டுகிறது.

வில்ஸ் கேட்ட குழு 1859 மே 17 அன்று பரேட் ஹோட்டலில் விதிகள் எழுத உட்கார்ந்தது. வில்ஸோடு ஹாமர்ஸ்லி, தாம்சன், ஸ்மித். இங்கேதான் என் சந்தேகம் தொடங்குகிறது. வில்ஸுக்கு வேண்டியிருந்தது தன் பள்ளியின் ரக்பி ஆட்டம். அதில் எதிராளியின் முழங்காலுக்குக் கீழே ஓங்கி உதைப்பதுகூட அனுமதிக்கப்பட்ட வித்தை. மற்றவர்கள் கேட்கவில்லை. விடிந்தால் வேலைக்குப் போக வேண்டிய, வளர்ந்த ஆண்கள். கீழே விழுந்தால் காய்ந்த கட்டாந்தரை. வில்ஸின் பேச்சு அவரைத் தவிர யாருக்கும் விளங்கவில்லை என்று ஹாமர்ஸ்லியே பிற்காலத்தில் எழுதினார். காலில் உதைப்பது தடையானது. பந்தை எறிவதும் தடையானது. உதைத்து வந்த பந்தை நேராகப் பிடித்தவருக்கு, யாரும் குறுக்கே வராமல் உதைக்கும் உரிமை கிடைத்தது. ‘மார்க்’ என்று இன்றும் கூட்டம் எழுந்து ஆர்ப்பரிக்கிற அந்தப் பிடிக்கு வேர் அங்கே இருக்கிறது. மொத்தம் பத்தே விதிகள். ஆஃப்சைடு பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

ஆகவே வில்ஸ் கேட்ட ஆட்டம் வேறு, பிறந்த ஆட்டம் வேறு. ஆனால் அவர் கேட்டிராவிட்டால் அந்த நால்வர் கூடியிருக்க மாட்டார்கள். தான் தோற்றுப்போன விதிகளை வைத்துக்கொண்டே களத்தில் யாரைவிடவும் நன்றாக ஆடிக் காட்டியவரும் அவர்தான். முதலில் மெல்பர்னுக்கும் பிறகு பல ஆண்டுகள் ஜீலாங் அணிக்கும் ஆடினார். அந்தக் காலத்தில் ‘கால்பந்தின் தந்தை’ என்ற பட்டம் கிடைத்ததோ அவருடைய உறவினர் ஹென்றி ஹாரிசனுக்கு. 1866-இல் விதிகளைத் திருத்தியவர் ஹாரிசன்.

இடையில், 1861-இல், தகப்பனார் புதிய பண்ணை வைக்கக் குவீன்ஸ்லாந்துக்குக் கிளம்பினார். டாமும் கூடப் போனார். சேர்ந்த சில நாட்களில், அக்டோபர் 17 அன்று, கல்லின்-லா-ரிங்கோ என்ற அந்த இடத்தில் பூர்வகுடியினர் தாக்கி ஹொரேஷியோ உட்பட 19 பேரைக் கொன்றார்கள். வழியில் விட்டுவந்த சாமான்களை எடுக்கப் போயிருந்ததால் டாம் தப்பினார். அண்டைப் பண்ணையைச் சேர்ந்த வெள்ளையர் முன்னர் நடத்திய துப்பாக்கிச் சூட்டுக்குப் பழிதான் அது என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். அதற்குப் பதில் பழியாக வெள்ளையர்கள் நூற்றுக்கணக்கான பூர்வகுடியினரைக் கொன்று குவித்தார்கள். அதில் டாமின் பங்கு என்ன என்று இன்றும் வழக்காடுகிறார்கள்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்ததைக் கேளுங்கள். தகப்பன் செத்து ஐந்தே ஆண்டுகளில், விக்டோரியாவின் மேற்குப் பகுதிப் பூர்வகுடி இளைஞர்களைக் கொண்ட கிரிக்கெட் அணிக்கு டாம் வில்ஸ் பயிற்சியாளராகப் போய்ச் சேர்ந்தார். 1866 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், அவரே தலைவராக நின்று அவர்களை எம்.சி.ஜி.யில் ஆட வைத்தார். ஏறக்குறைய பத்தாயிரம் பேர் வந்தார்கள். மன்னித்துவிட்டாரா, பணத்தேவையா, சிறுவயதுப் பழக்கமா? மூன்றும் கலந்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1868-இல் அந்த வீரர்களில் பலர் இங்கிலாந்து சென்றபோது தலைமை வேறொருவருக்குப் போயிருந்தது.

பிறகு சரிவு. குடி முற்றியது. 1872-இல் கிரிக்கெட்டில் பந்தை எறிகிறார் என்று நோ-பால் கொடுத்தார்கள். கடன் சேர்ந்தது, மனம் கலங்கியது. 1880 மே 2 அன்று மெல்பர்னை அடுத்த ஹைடல்பர்க்கில், 44 வயதில், தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டார். கல்லறைக்கு ஒரு கல்கூட நடவில்லை. அதற்கு 1980 வரை ஆயிற்று.

இப்போது ஒரு சண்டை நடக்கிறது. போசம் என்ற விலங்கின் தோலால் செய்த பந்தை உதைத்து, எம்பிப் பிடித்து ஆடும் ‘மார்ன்குரூக்’ என்ற ஆட்டம் விக்டோரியப் பூர்வகுடி மக்களிடம் இருந்தது. அதைப் பார்த்துத்தான் வில்ஸ் இந்த ஆட்டத்தை அமைத்தார் என்கிறது ஒரு தரப்பு. அவர் எழுதிய எதிலும் அந்தப் பேச்சே இல்லை, விதிகளெல்லாம் ஆங்கிலப் பள்ளி விதிகளிலிருந்து வந்தவை என்கிறது மறுதரப்பு. காகிதத்தை மட்டும் பார்த்தால் இரண்டாம் தரப்பு பக்கம்தான் நான். ஆனால் மெல்பர்ன் ஹோட்டலில் உட்கார்ந்து எழுதியது விதிகளை மட்டும்தான். பத்து பேர் தலைக்கு மேலே எகிறிப் பந்தைப் பிடிக்கும் பாணி அந்தப் பத்து விதிகளில் எழுதியிருக்கவில்லை. அது ஆடி ஆடிப் பின்னால் வந்தது. யார் ஆடி வந்தது என்று தேட வேண்டிய இடம் வில்ஸின் கடிதப் பெட்டி அல்ல.