தண்ணீர்ப் பூங்காவில் ஒரு நாள்

(தாராவியில் மாலை வகுப்புக்கு வருகிறவர்களிடம் பேசியது)



இன்று பாடம் இல்லை. இன்று ஒரு சந்தோஷமான விஷயம் பேசுவோம். குடும்பத்தோடு ஒரு நாள் வெளியே போவது பற்றிப் பேசுவோம்.

நாம் வெளியே போவது என்றால் எங்கே போவோம்? செம்பூர் செடா நகர் முருகன் கோயிலுக்குப் போவோம். மாட்டுங்காவில் பூ வாங்கப் போவோம். வருஷத்துக்கு ஒரு முறை ஊருக்குப் போவோம். ஊருக்குப் போகும்போது எவ்வளவு ஏற்பாடு செய்கிறோம்! நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஒன்றரை நாள் பயணம். எந்த வேளைக்கு எந்தச் சாப்பாடு, எந்தப் பையில் எந்தத் துணி, எல்லாம் நமக்குத் தெரியும். திட்டம் போடுவது நமக்குப் புதிது அல்ல.

ஆனால் பிள்ளைகள் புதிதாக ஓர் இடத்தைக் கேட்கிறார்கள். "வாட்டர் பார்க் போகலாம்" என்கிறார்கள். அதாவது தண்ணீர்ப் பூங்கா. அங்கேதான் நாம் தடுமாறுகிறோம். நானும் தடுமாறினேன். அந்தக் கதையை முதலில் சொல்கிறேன்.

நாங்கள் முதலில் போன கதை

நான் தாராவியில் இட்லி அவித்து விற்கிறவள். அப்போது எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பிள்ளைகள் இரண்டு பேரும் அழுதார்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். நான், என் வீட்டுக்காரர், பிள்ளைகள் இரண்டு பேர், என் அத்தை, ஆக ஐந்து பேர். எந்தப் பூங்கா என்று சொல்ல வேண்டியது இல்லை.

வாசலில் பெரிய பலகை இருந்தது. அதில் விலை இருந்தது. விதி இருந்தது. எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. மூத்தவன் சின்னப் பையன்தானே, அரை டிக்கெட் என்று நினைத்தோம். அவன் உயரத்தை அளந்தார்கள். முழு டிக்கெட் என்றார்கள். பருத்தித் துணியோடு தண்ணீரில் இறங்கக் கூடாது என்றார்கள். எல்லோருக்கும் நைலான் உடை வாடகைக்கு எடுக்கச் சொன்னார்கள். வெளிச் சாப்பாடு உள்ளே போகக் கூடாது என்றார்கள்.

கொண்டுபோன பணம் போதவில்லை. அத்தை சொன்னார்: "நீங்க போங்கம்மா. நான் இங்கேயே உக்காந்துக்கிறேன். எனக்கு எதுக்கு இந்த வயசுல?"

அத்தை வெளியே உட்கார்ந்தார். பக்கத்தில் புளிச்சோற்றுத் தூக்கு. ஆறு மணி நேரம் அப்படியே இருந்தார். உள்ளே பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று இரவு ஒன்று நினைத்தேன். அந்தப் பலகையில் இருந்ததை முதல் நாளே நான் தெரிந்துகொண்டிருந்தால், அத்தை வெளியே உட்கார்ந்திருக்க மாட்டார். வகுப்புக்கு நான் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

தண்ணீர்ப் பூங்கா எங்கே இருக்கிறது?

மும்பையின் வடக்குப் பகுதியில் கோராய் இருக்கிறது. அங்கே 1998-ல் 'வாட்டர் கிங்டம்' திறந்தார்கள். கோபோலி பக்கம் 'இமேஜிகா' இருக்கிறது. அங்கே தண்ணீர்ப் பூங்கா 2014-ல் வந்தது. கோபோலி தூரம். நமக்குப் பக்கம் கோராய்தான். அதையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

உள்ளே என்ன இருக்கும்? உயரமான சறுக்குகள் இருக்கும். மேலே இருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். தண்ணீர் இருப்பதால் உடம்பு வழுக்கி வேகமாகக் கீழே வரும். அலைக் குளம் இருக்கும். அது கடல் இல்லை. இயந்திரம் தண்ணீரை அசைக்கும். கடல் போல அலை வரும். சின்னப் பிள்ளைகளுக்கு ஆழம் குறைந்த குளம் தனியாக இருக்கும்.

ஒரு காகிதம் எடுங்கள்

இப்போது ஒரு காகிதம் எடுங்கள். ஐந்து கேள்விகள் எழுதுங்கள்.

1. எப்போது போவது?
2. எவ்வளவு செலவு?
3. எப்படிப் போவது?
4. என்ன கொண்டுபோவது?
5. யார் யாரைப் பார்த்துக்கொள்வது?

பூங்காவில் தமிழ்ப் பலகை இருக்காது. மராத்தி, இந்தி, ஆங்கிலம்தான் இருக்கும். கவலை வேண்டாம். முதலிலேயே பூங்காவுக்குப் போன் செய்யுங்கள். இந்தி பேசத் தெரிந்தவரைப் பேசச் சொல்லுங்கள். பதிலை நீங்கள் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். பலகை எந்த மொழியில் இருந்தாலும் சரி, உங்கள் காகிதம் உங்கள் மொழியில் இருக்கும்.

எப்போது போவது?

ஞாயிறு, விடுமுறை நாட்களில் கூட்டம் அதிகம். வார நாளில் கூட்டம் குறைவு. சில நேரம் டிக்கெட் விலையும் குறைவு. ஞாயிற்றுக்கிழமை ரயில் பாதையில் வேலை நடக்கும். 'மெகா பிளாக்' என்பார்கள். ரயில் குறையும், தாமதமாகும். முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் படகு நின்றுவிடலாம். மே மாதத்தில் வெயில் கொளுத்தும். பிப்ரவரி நல்ல மாதம். பரீட்சைக்கு முன்னால் ஒரு நாள் போகலாம்.

எவ்வளவு செலவு?

இந்த மாதிரிப் பூங்காக்களில் பிள்ளைகளுக்கு வயதைப் பார்ப்பது இல்லை. பெரும்பாலும் உயரத்தைத்தான் பார்க்கிறார்கள். எந்த உயரம் வரை இலவசம், எந்த உயரம் வரை குறைந்த விலை என்று போனில் கேளுங்கள். வீட்டுச் சுவரில் பிள்ளையை நிறுத்திக் கோடு போடுங்கள். அளந்து எழுதுங்கள். பெரியவர்களுக்குச் சலுகை உண்டா என்றும் கேளுங்கள். உண்டு என்றால் வயதைக் காட்ட ஆதார் அட்டை எடுத்துப் போங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது எடுத்துக்காட்டுதான். விலை மாறிக்கொண்டே இருக்கும்.

பெரியவர் 2 பேர், ஒருவருக்கு 1200: மொத்தம் 2400 ரூபாய்
பிள்ளைகள் 2 பேர், ஒருவருக்கு 800: மொத்தம் 1600 ரூபாய்
பாட்டி 1: 800 ரூபாய்
உடை, லாக்கர்: 700 ரூபாய்
சாப்பாடு: 1000 ரூபாய்
ரயில், ஆட்டோ, படகு: 500 ரூபாய்

மொத்தம் 7000 ரூபாய்.

பெரிய தொகைதான். ஆனால் வாரம் 200 ரூபாய் சேர்த்தால் 35 வாரத்தில் 7000 ரூபாய் சேரும். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது ஆரம்பியுங்கள். பிப்ரவரியில் பணம் கையில் இருக்கும். இதற்காகக் கடன் வாங்காதீர்கள். ஒரு நாள் சந்தோஷத்துக்கு ஒரு வருஷம் வட்டி கட்டக் கூடாது.

இன்னொன்று. "பாதி விலைக்கு டிக்கெட்" என்று போனில் செய்தி வரும். நம்பாதீர்கள். பூங்காவின் சொந்த இடத்தில் மட்டும் டிக்கெட் வாங்குங்கள். ஓ.டி.பி. எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

எப்படிப் போவது?

தாராவிக்காரர்கள் மாஹிம் நிலையத்தில் ஏறலாம். மாட்டுங்காக்காரர்களுக்கு மாட்டுங்கா ரோடு நிலையம். இரண்டும் மேற்கு ரயில் பாதையில் உள்ளவை. செம்பூர்க்காரர்கள் குர்லா வந்து, அங்கிருந்து தாதர் வந்து, மேற்குப் பாதைக்கு மாறலாம். எல்லோரும் போரிவலியில் இறங்க வேண்டும். மேற்குப் பக்கம் வெளியே வந்தால் கோராய் படகுத்துறைக்கு பஸ், ஆட்டோ கிடைக்கும். மலாடில் இறங்கி மார்வே படகுத்துறைக்கும் போகலாம். படகு வேண்டாம் என்றால் பாயந்தர் வழியாகச் சாலையும் இருக்கிறது. அது சுற்று வழி.

ரயிலில் 5 வயதுக்குக் கீழே டிக்கெட் வேண்டாம். 5 வயது முடிந்து 12 வயது ஆகும் வரை அரை டிக்கெட். ரயிலில் வயதுக் கணக்கு, பூங்காவில் உயரக் கணக்கு. குழப்பிக்கொள்ளாதீர்கள்.

படகில் முண்டியடிக்க வேண்டாம். நிறையக் கூட்டம் என்றால் அடுத்த படகுக்கு நில்லுங்கள். போகும்போதே, "திரும்பி வர கடைசிப் படகு எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். காகிதத்தில் எழுதுங்கள்.

என்ன கொண்டுபோவது?

நைலான் உடை ஏன் கேட்கிறார்கள்? பருத்தித் துணி தண்ணீரைக் குடித்துக் கனமாகிவிடும். நூல் பிரிந்து, தண்ணீரைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தில் அடைக்கும். சேலையும் துப்பட்டாவும் சறுக்கில் சிக்கும். கழுத்து இறுகினால் உயிருக்கே ஆபத்து. நைலான் உடையைக் கடைத்தெருவில் வாங்கிக்கொண்டால் மறுபடியும் உதவும். உடம்பை நன்றாக மூடும் உடையும் கிடைக்கிறது. நம் பெண்கள் கூச்சப்பட வேண்டாம்.

கண்ணாடி வளையலைக் கழற்றிவிடுங்கள். உடைந்தால் யார் காலிலாவது குத்தும். தாலிக்கொடி, கம்மலை வீட்டிலேயே பத்திரமாக வையுங்கள். மஞ்சள் கயிறு போதும். அதையும் உடைக்குள் விட்டுக்கொள்ளுங்கள். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு இறங்காதீர்கள். முதலில் குளித்துவிட்டு இறங்குங்கள்.

குளத்து நீரில் குளோரின் மருந்து போடுகிறார்கள். அது கிருமியைக் கொல்லும். ஆனால் எல்லாக் கிருமியும் உடனே சாகாது. வயிற்றுப்போக்கு உள்ள பிள்ளையை இறக்காதீர்கள். ஒரு பிள்ளையால் பல பிள்ளைகளுக்கு நோய் வரும். குளத்தில் சிறுநீர் கழிக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அது குளோரினோடு சேர்ந்தால் கண் எரியும். குளத்து நீரை விழுங்கக் கூடாது.

சாப்பாட்டை உள்ளே விடுவது இல்லை என்றால், போகும் வழியிலேயே சாப்பிட்டுவிடுங்கள். குழந்தைப் பாலும் மருந்தும் கொண்டுபோகலாமா என்று முன்பே கேளுங்கள்.

யார் யாரைப் பார்த்துக்கொள்வது?

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். கவனமாகக் கேளுங்கள்.

தண்ணீரில் மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கத்தாது. கையை ஆட்டிக் கூப்பிடாது. சத்தம் இல்லாமல் மூழ்கிவிடும். முழங்கால் அளவு தண்ணீர் போதும். ஒரு சில நிமிடம் போதும்.

அதனால் சின்னப் பிள்ளை எப்போதும் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்று சொல்லக் கூடாது. எல்லோரும் பார்த்தால் யாரும் பார்ப்பது இல்லை. பெயர் போட்டு எழுதுங்கள். 11 மணி முதல் 12 மணி வரை அப்பா. 12 முதல் 1 வரை அம்மா. அந்த நேரம் போன் பேசக் கூடாது. காவலுக்கு ஆள் நிற்பார். ஆனால் அவர் நூறு பேரைப் பார்க்கிறார். நம் பிள்ளையை நாம்தான் பார்க்க வேண்டும். ரப்பர் வளையத்தை நம்பாதீர்கள். அது கவிழும், நழுவும்.

குளத்தருகே ஆழத்தை எண்ணில் எழுதியிருப்பார்கள். எண் உங்களுக்குத் தெரியும். ஆனால் அடியா, மீட்டரா என்று பாருங்கள். 3 அடி என்றால் பெரியவருக்கு இடுப்பளவு. 3 மீட்டர் என்றால் கிட்டத்தட்ட 10 அடி. ஆள் மூழ்கிவிடும்.

கர்ப்பிணிகள், இருதய நோய் உள்ளவர்கள், வலிப்பு வருகிறவர்கள் பெரிய சறுக்கில் ஏறக் கூடாது. குடித்தவர் தண்ணீரில் இறங்கவே கூடாது.

உள்ளே போனதும் ஓர் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். போன் லாக்கரில் இருக்கும். கூப்பிட முடியாது. "யார் காணாமல் போனாலும் இந்த மரத்தடிக்கு வர வேண்டும்" என்று எல்லோருக்கும் காட்டுங்கள். அவசர உதவிக்கு எண் 112. இதையும் காகிதத்தில் எழுதுங்கள். காகிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போடுங்கள்.

நாங்கள் மறுபடியும் போன கதை

எழுதப் படிக்கக் கற்ற பிறகு நாங்கள் மறுபடியும் போனோம். எட்டு மாதம் பணம் சேர்த்தோம். காகிதத்தை நானே எழுதினேன். எழுத்து கோணலாக இருந்தது. பரவாயில்லை, கணக்கு நேராக இருந்தது.

டிக்கெட் கொடுக்கும் இடத்தில் நான் எண்ணிச் சொன்னேன்: "பெரியவர் இரண்டு, பிள்ளைகள் இரண்டு, வயதானவர் ஒன்று." சீட்டை வாங்கி மொத்தத்தைச் சரிபார்த்தேன். சரியாக இருந்தது. அத்தையின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன்.

அத்தை சறுக்கில் ஏறவில்லை. சின்னப் பிள்ளைகள் குளத்தின் ஓரத்தில் காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பேரன் அவர் மேல் தண்ணீர் தெளித்தான். அவரும் திருப்பித் தெளித்தார். "எங்க ஊர்ல தாமிரபரணியில நான் நீச்சல் அடிச்சவ, தெரியுமா?" என்றார். அதுவரை அந்தக் கதையை அவர் எங்களுக்குச் சொன்னதே இல்லை.

அக்கா தங்கைகளே, அண்ணன் தம்பிகளே! இப்போது பணம் இல்லை என்பவர்கள் வருந்த வேண்டாம். நம் தாராவிக்குப் பக்கத்திலேயே மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா இருக்கிறது. ஒரு காலத்தில் அது குப்பை மேடு. மரம் நட்டு வளர்த்து 1994-ல் பூங்காவாகத் திறந்தார்கள். முதலில் அங்கே போய் வாருங்கள். அதற்கும் ஒரு காகிதம் எழுதுங்கள். பழகிக்கொள்ளலாம்.

இன்று வீட்டுக்குப் போய் எல்லோரையும் உட்கார வையுங்கள். ஐந்து கேள்விகளையும் நீங்களே படித்துக் காட்டுங்கள். பதிலை எழுதுங்கள். முதல் வரியில் வீட்டில் உள்ள எல்லோர் பெயரையும் எழுதுங்கள். ஒருவர் பெயரும் விட்டுப்போகக் கூடாது.

அடுத்த வகுப்புக்கு அந்தக் காகிதத்தோடு வாருங்கள். சேர்ந்து படிப்போம்.