குழாய்க்கும் குடத்துக்கும் நடுவே



இந்த மாநாட்டுத் தலைமை நாற்காலிக்கு என்னைவிடத் தகுதியானவர்கள் முன்வரிசையிலேயே நாலைந்து பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். அமைப்பாளர்களுக்கு நன்றி சொல்லும்போதே கொஞ்சம் உதறலாகத்தான் இருக்கிறது. மாநாட்டின் பொருள் 'குடிநீர்ப் பாதுகாப்பும் பொதுச் சுகாதாரக் கொள்கையும்'. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம் ஃபுளோரைடு என்ற வரம்பும், ஜல் ஜீவன் திட்டத்தின் ஆளுக்கு 55 லிட்டரும் உங்களுக்கு மனப்பாடம். முத்துக்குளிப்புக் கூடாரங்களின் காலரா பயத்தையும், இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களைத் தடுத்துவைத்த தட்டப்பாறை முகாமையும் கடற்கரை வரலாறு அறிந்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள். எட்டயபுரத்தில் தண்ணீரைப் பற்றிக் கூடினால் முத்துசுவாமி தீட்சிதர் அமிர்தவர்ஷிணி ராகம் பாடி மழை பெய்த கதை வராமல் இருக்காது. 1835இல் அவர் மறைந்த ஊர் இது, மரியாதை உண்டு. ஆனால் கட்டுரையின் முதல் இரண்டு பக்கமும் அந்த மழையே பெய்தால் அமர்வுத் தலைவர்கள் தயங்காமல் மணியடிக்கலாம்.

நான் பேச வந்தது நரம்புச் சிலந்தி என்ற புழு நோயைப் பற்றி.

மாணவர்கள் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்க்காததே பெரிய வெற்றி. படிக்கிணற்றிலும் ஊருணியிலும் சைக்ளாப்ஸ் என்றொரு நீர்ப்பூச்சி இருக்கும். ஊசிமுனை அளவுதான். புழுவின் இளங்குஞ்சு அதற்குள் இருக்க, அந்தத் தண்ணீரைக் குடித்தவருக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் ஒன்றும் தெரியாது. பிறகு காலில் கொப்புளம் கண்டு, முழ நீளத்துக்கு மேலான புழு தலைநீட்டும். அதை ஒரு குச்சியில் சுற்றி, அறுந்துவிடாமல் நாளுக்குக் கொஞ்சமாக இழுப்பார்கள். எரிச்சல் தாங்காமல் அவர் காலைத் தண்ணீரில் வைத்தால் புழு மறுபடி குஞ்சுகளைக் கொட்டும். மருந்து இல்லை, தடுப்பூசி இல்லை. ஆனாலும் 1980களில் நாடு தழுவிய ஒழிப்புத் திட்டம் வந்தது. கடைசி நோயாளி 1996இல் ராஜஸ்தானில். 2000இல் இந்தியாவில் நோய் இல்லையென்று உலகச் சுகாதார நிறுவனம் சான்று தந்தது.

எப்படி ஒழிந்தது? பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கில் மதிப்புக்குரிய நண்பர் ஒருவர், "போர்வெல்லும் கைப்பம்பும் ஒழித்தன, மற்றதெல்லாம் ஜோடனை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அன்றைக்கு எனக்குப் பதில் சொல்ல நேரம் தரவில்லை. இன்றைக்கு மைக் என்னிடம் இருக்கிறது.

கைப்பம்பு உதவியது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கைப்பம்பு எட்டாத ஊரிலும் புழு ஒழிந்தது. வீடு வீடாகப் போய் 'யாருக்காவது காலில் புழு உண்டா' என்று கேட்டவர்கள், குடத்தின் வாயில் துணி கட்டச் சொன்னவர்கள், கிணற்றில் டெமிஃபாஸ் மருந்தைக் கணக்காக ஊற்றியவர்கள், இவர்களை எந்தக் கணக்கில் வைப்பது? பொறியியல் வரலாற்றில் இவர்களுக்கு இடமில்லை. மருத்துவ வரலாற்றில் அடிக்குறிப்போடு சரி.

துணி கட்டி வடிகட்டுவது வெறும் ஆசாரம் என்று எழுதிய வரலாற்றுப் பேராசிரியர் ஒருவரும் உண்டு. ஆசாரமாகவே இருந்துவிட்டுப் போகட்டும். ரீட்டா கோல்வெல் குழுவினர் வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் பழைய பருத்திச் சேலையைப் பல மடிப்பாக மடித்துத் தண்ணீரை வடிகட்டச் செய்தார்கள். 2003இல் வெளியிட்ட முடிவு: காலரா 48 சதவீதம் குறைந்தது. காலராக் கிருமியும் அதே சைக்ளாப்ஸின் சொந்தக்காரப் பூச்சிகளைப் பற்றிக்கொண்டு திரிகிறது. பூச்சியைத் தடுத்தால் கிருமியில் பெரும்பங்கு நின்றுவிடுகிறது. துவைத்துத் துவைத்து நூல் தளர்ந்த சேலையில் கண் இன்னும் சிறுத்துவிடும் என்பதால் பழையதே மேல். வைரஸுக்கும் கரைந்த ஃபுளோரைடுக்கும் துணி பயன்படாது. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இந்தப் பழங்கதை எதற்கு என்கிறீர்கள். தாமிரபரணித் தண்ணீர் கரிசலுக்கு வந்த பிறகு நம் துறையில் ஒரு நிம்மதி குடியேறிவிட்டது. தண்ணீர் ஏற்றும் இடத்தில் சோதனை சரியாக இருந்தால் எல்லாம் சரி என்று எழுதுகிறோம். கரிசல் மண் அப்படி விடுகிற மண்ணா? மழையில் ஊதும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அந்த இழுப்பில் குழாயின் இணைப்புகள் விலகும். தண்ணீர் வராத நாளில் குழாய் வெறுமையாகக் கிடக்கும்போது, பக்கத்துச் சாக்கடை அந்தக் கசிவு வழியாகவே உள்ளே இழுபடும். மறுமுறை திறந்துவிட்டதும் முதல் குடம் கலங்கலாக வருவதை இங்குள்ள தாய்மார் எல்லோரும் அறிவார்கள். குழாய் மூக்கில் கட்டிய துணியை அவிழ்த்துப் பார்த்தால் கசடு ஒட்டியிருக்கும். கடைசித் தெருக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது விதி. மிஞ்சுகிறதா என்று அந்தத் தெருவில் நின்று பார்ப்பது யார்?

நாள்விட்டு வருகிற தண்ணீரை மக்கள் டிரம்மிலும் தொட்டியிலும் பிடித்துவைக்கிறார்கள். அங்கே ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. 2012இல் திருநெல்வேலிப் பக்கம் டெங்கு என்ன பாடு படுத்தியது என்று மறந்திருக்க மாட்டீர்கள். அந்த டிரம்களில் இன்று சுகாதாரப் பணியாளர் ஊற்றுகிற 'அபேட்' வேறு எதுவுமில்லை. சைக்ளாப்ஸைக் கொன்ற அதே டெமிஃபாஸ். மருந்தை நினைவில் வைத்துக்கொண்டோம், வீட்டுக்குள் போய்ப் பார்க்கும் முறையை மட்டும் மறந்துவிட்டோம்.

1939இலேயே சென்னை மாகாணம் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றி, குடிநீரைச் சுகாதார அதிகாரியின் கண்ணுக்குக் கீழே வைத்தது. 1971இல் குடிநீர் வடிகால் வாரியம் வந்தது, நல்ல காரியம்தான். ஆனால் அதன்பிறகு தண்ணீர் லிட்டர் கணக்காகிவிட்டது. தண்ணீர் கொடுப்பவரே அதைச் சோதித்து, அவரே சான்றும் தருகிறார். வாரியத்து நண்பர்கள் கோபிக்க வேண்டாம். உங்கள் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை, ஏற்பாடு பிழை என்கிறேன்.

குவாலியர் ஆய்வகத்தில் மஞ்சாவும் உடன் பணியாற்றியவர்களும் 1982இல் எழுதிய சிறு கட்டுரையை நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? மருந்திட்ட ஒரு குப்பியில் தண்ணீரை ஊற்றி ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலக்கலப்பு இருந்தால் கறுத்துவிடும். மின்சாரம் வேண்டாம்; நம் ஊர் வெப்பமே போதும். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்கு இத்தகைய சோதனைப் பயிற்சி தரச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் குப்பிகளைக் குழாயில் மட்டுமல்லாமல் அடுப்படிக் குடத்திலும் நிரப்பட்டும். முடிவு வாரியத்துக்குப் போகுமுன் ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குப் போகட்டும். ரேஷன் கடைச் சுவரில் மாதாமாதம் ஒட்டட்டும். மாநாட்டுத் தீர்மான வரைவில் இது இல்லை. 'கூடுதல் நிதி' நான்கு இடத்தில் இருக்கிறது.

முதல் அமர்வுக்குத் தலைமை ஏற்பவர், ஜோடனை என்று சொன்ன அதே நண்பர். மறுப்புச் சொல்ல அவருக்கு முழு நேரமும் உண்டு. மணியடிக்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மேடைக்கு வாருங்கள், ஐயா.